முதல் இரவில் சிக்கனம் வேண்டாம்

வெளிநாட்டுக்குத் தனியாக முதன்முறை புறப்பட உத்தேசிக்கிறவர், அவர் கல்லூரியை முடித்த இளைஞராயினும் பணி ஓய்வு பெற்ற ஆசிரியையாயினும், விமான டிக்கெட்டின் விலையை முதலில் பார்த்துவிட்டு, அது எதிர்பார்த்ததைக் காட்டிலும் குறைவாக இருக்கும் உற்சாகத்தில் ஏனைய செலவுகளை ஒரு முழுத் தொகைக்குள் குத்துமதிப்பாக அடக்கிவிடுவதே இப்போது வழக்கமாகி வருகிறது. இந்த வரிசையே பிசகு என்பது என் அபிப்பிராயம். டிக்கெட் வாங்கிய அன்றே அதன் செலவு தீர்ந்துபோகிறது. பிரயாணத் திட்டங்களைக் கவிழ்ப்பவையோ, இன்ன நேரத்தில் இன்ன தொகை என்று முன்கூட்டிச் சொல்ல இயலாத மற்றச் செலவுகள்.

அறுபதுகளில் வெளிநாடு போக விரும்பியவர் ரிசர்வ் வங்கிக்குப் பி-பாரம் எழுதி அனுமதி பெற்று, கையில் வெறும் எட்டு டாலரோடு கப்பலோ விமானமோ ஏறிய காலம் ஒன்று இருந்தது. வரம்பை அன்று சர்க்கார் விதித்தது. இன்று ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளியே அனுப்பலாம் என்று விதி தளர்ந்துவிட்டபடியால், வரம்பு கட்டும் பொறுப்பு பிரயாணியின் தலைமேல் வந்து விழுந்திருக்கிறது.

திருஷ்டாந்தமாக மலேசியாவையே எடுத்துக்கொள்வோம். சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் நேர் விமானம் உண்டு; போய் இறங்கினால் தமிழில் வழி கேட்கலாம்; 2023 டிசம்பர் முதல் இந்தியருக்கு 30 நாள் வரை விசா விலக்கும் இருக்கிறது. அந்த விலக்கு காலக்கெடு வைத்து நீட்டிக்கப்பட்டு வருவதால், புறப்படுமுன் ஒருமுறை சரிபார்ப்பது நலம். வருகைக்கு முந்திய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டிய மின்னணு வருகை அட்டைக்குக் கட்டணமே இல்லை. பணம் கேட்கிற இணையதளம் எதுவாயினும் அது அரசாங்கத்துடையது அல்ல. பாஸ்போர்ட்டில் ஆறு மாத ஆயுள் இருக்க வேண்டும்; திரும்புவதற்கான டிக்கெட்டும், தங்குமிடத்தின் முன்பதிவும் குடியேற்ற அதிகாரி கேட்டவுடன் எடுத்து நீட்டும்படி காகிதத்திலேயே இருக்கட்டும்.

தனியாகப் போகிறவர் கணக்கில் பிசகுவது எங்கே என்றால், இருவர் போய்வந்த செலவைக் கேட்டறிந்து அதில் பாதி தனக்கு ஆகும் என்று நினைத்துக்கொள்வதில்தான். விடுதியில் வாடகை அறைக்குத்தான், ஆளுக்கு அல்ல. அயல்நாட்டவரிடம் இரவொன்றுக்கு வசூலிக்கும் 10 வெள்ளிச் சுற்றுலா வரியும் (ரிங்கிட்டை அங்குள்ள தமிழர் வெள்ளி என்றே சொல்வர்) அப்படியே அறையின் பேரில் விதிக்கப்படுவது. டாக்சியும் அவ்விதமே. கூட்டமாகப் போனால் மலிவு என்று உறவினர் சொல்வதில் பொய்யில்லை. தனிமையை விரும்புகிறவர் அதற்குரிய விலையைத் தெரிந்தே கொடுக்க வேண்டும் என்பதுதான் விஷயம்.

முதல் நாளை மட்டும் சற்று அருகில் நின்று பார்ப்போம். சென்னையில் இரவு பதினொன்றரைக்குப் புறப்படும் விமானம், நான்கு மணி நேரப் பறப்பும் இரண்டரை மணி நேர வித்தியாசமும் சேர, கோலாலம்பூரில் காலை ஆறு மணிக்கு இறக்கிவிடுகிறது. விடுதியிலோ அறை பிற்பகல் இரண்டுக்கோ மூன்றுக்கோதான் கிடைக்கும். தூங்காத கண்களோடும், சுமையோடும், ஊர் தெரியாத ஒருவர் கழிக்க வேண்டிய எட்டு மணி நேரம் திட்டத் தாளில் எங்குமே இடம்பெறுவதில்லை. விமான நிலையத்திலிருந்து நகருக்கு விரைவு ரயில் 55 வெள்ளிக்கு அரை மணியில் கொண்டு சேர்க்கும். பேருந்துக்குக் கட்டணம் அதைவிட வெகு குறைவு, ஆனால் ஒரு மணிக்கு மேல் எடுத்துக்கொள்ளும். விடுதியில் முன்பணமாக ஒரு தொகை வாங்கி வைத்துக்கொண்டு, போகும்போது திருப்பித் தருவார்கள். அதற்கும் ரொக்கம் வேண்டும். இந்த முதற்பொழுதில் பணத்தை மிச்சம் பிடிக்க முயல்கிறவர் மறுநாள் பூராவும் படுத்துக் கிடக்கிறார். ஆகவே முந்தின இரவுக்கும் சேர்த்து வாடகை கொடுத்து, விடியற்காலையிலேயே அறைக்குள் நுழைய ஏற்பாடு செய்துகொள்வதை நான் வீண் செலவென்று கருதமாட்டேன். நள்ளிரவில் வந்து இறங்கும் தனிப்பெண்ணுக்கு, விசாலமான தெருவில், ரயிலடிக்குப் பக்கத்தில் உள்ள விடுதி இன்றியமையாதது.

சிக்கனம் பிடிக்க வேண்டிய இடம் ஊர்களின் எண்ணிக்கை. ஒரு வாரத்தில் கோலாலம்பூர், மலாக்கா, கேமரன் மலை, பினாங்கு, லங்காவி, முடிந்தால் சிங்கப்பூரும் என்று எழுதுகிற பட்டியலில், ஒவ்வொரு ஊர் மாற்றமும் அரை நாளையும் ஒரு கட்டணத்தையும் விழுங்கிவிடுகிறது. கோலாலம்பூரும் பினாங்கும் போதும். ரயிலில் நான்கு மணி நேரம் போல வடக்கே போய் பட்டர்வொர்த்தில் இறங்கி, இரண்டு வெள்ளி கொடுத்துப் படகேறினால் ஜார்ஜ் டவுன். 2008-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற அந்தப் பழைய நகரை நடந்தே பார்க்கலாம். கோலாலம்பூரை அடுத்த பத்து மலையின் 272 படிகளை ஏறி முருகனைத் தரிசிக்கக் கட்டணமில்லை. உணவில் மட்டும் ஓர் எச்சரிக்கை: நாசி கண்டார் என்னும் சோற்றுக் கடையில் பரிமாறுகிறவர் தட்டில் விழுந்த குழம்பையும் கறியையும் ஒரு பார்வையில் கணக்கிட்டு விலை சொல்வார், இறாலையும் பெரிய மீன்தலையையும் காட்டுமுன் விலையைக் கேட்டுக்கொள்வதில் கௌரவக் குறைவொன்றுமில்லை.

பணத்தை ஒரே இடத்தில் வைக்கலாகாது என்பது எல்லோரும் அறிந்ததே. அதிகம் அறியப்படாதது இது: கடையில் அட்டையை நீட்டும்போது ரூபாயில் கழிக்கட்டுமா, ரிங்கிட்டிலா என்று இயந்திரம் கேட்டால் ரிங்கிட்டையே தேர்ந்தெடுக்க வேண்டும், தெரிந்த நாணயமாயிற்றே என்று ரூபாயைத் தொட்டவரிடம் மாற்றுவிகிதத்தில் கூடுதலாகப் பிடித்துவிடுவார்கள். மருத்துவக் காப்பீட்டை மட்டும் எந்த நெருக்கடியிலும் பட்டியலிலிருந்து அடிக்க வேண்டாம். காய்ச்சலில் கிடக்கும்போது மருந்து வாங்கிவர உடன் ஆளில்லாதவருக்குத்தான் அது மிகவும் தேவை.

கடைசியில் வருவது கோடாரித் தைலமும் சாக்லேட்டும். அத்தை, சித்தப்பா, எதிர்வீட்டார் என்று பெயர் சொல்லியே கேட்டிருப்பார்கள், மறுப்பதற்கில்லை. மலிவு டிக்கெட்டில் கையோடு ஏழு கிலோதான் எடுத்துச் செல்ல முடியும் என்பதால், திரும்பும் பயணத்துக்குரிய பெட்டிக் கட்டணத்தை ஊரிலிருந்து கிளம்புமுன்னரே கட்டிவிட வேண்டும். விமான நிலையத்தில், எடைத் தராசுக்கு எதிரே நின்று கட்டுகிற தொகை உள்ளே இருக்கும் சாக்லேட்டின் விலையைத் தாண்டிவிடும்.