ரயிலேறி வந்த சாதி

சென்ற திங்கள் தாராவி அன்பர் ஒருவர் தம் மகளுடன் நம் சங்கத்திற்கு வந்திருந்தார். பாட்டனார் காலத்தில் நெல்லைச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்த குடும்பம். மகள் பன்னிரண்டாம் வகுப்பில் நன்கு தேறியவள். மருத்துவம் பயில விரும்புகிறாள். ஆதி திராவிடர் என்று ஊர்த் தாசில்தார் தமக்கு வழங்கிய சான்றிதழைத் துணிப்பையிலிருந்து எடுத்து மேசைமீது வைத்தார் தந்தையார். "ஐயா, இது இங்கே செல்லாதாமே! ஊருக்கு ஊர் சாதி மாறுமா?" என்று கேட்டார்.

சட்டம், மாறும் என்றே கூறுகிறது. அரசியலமைப்பின் 341-ஆம் பிரிவுப்படி பட்டியல் வகுப்பினர் யாவர் என்பது மாநிலந்தோறும் தனித்தனியே குறிக்கப்படுகிறது. ஆதி திராவிடர், பறையர் என்னும் பெயர்கள் மராட்டிய மாநிலப் பட்டியலில் இல்லை. பெயர் இருப்பினும் போதாது. 1950 ஆகஸ்டு 10-க்கு முன்பே குடும்பம் இம்மாநிலத்தில் வாழ்ந்தமைக்குச் சான்று வேண்டும். குடிசையில் வாழ்ந்தோரிடம் அந்நாளைய ரசீது ஏது?

இவ்வழக்கு எழுந்ததும் இந்நகரிலேதான். ஆந்திரத்தில் பழங்குடியினர் என்று சான்று பெற்ற தந்தையுடன் பம்பாய்க்கு வந்து இங்கேயே பயின்றவர் மர்ரி சந்திரசேகர ராவ். சேத் ஜி. எஸ். மருத்துவக் கல்லூரியில் ஒதுக்கீட்டு இடம் வேண்டினார், கிடைக்கவில்லை. மறுத்தது முறையே என்று 1990-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு தீர்ப்பளித்தது. 1994-இலும் 2018-இலும் அக்கருத்தே நிலைபெற்றது.

ஓரிடத்தில் இழிவுற்ற வகுப்பு மற்றோரிடத்திலும் அவ்வாறே இருக்குமென்று கொள்ளலாகாது என்பது ஒரு காரணம். வந்தவர்களால் உள்ளூர் எளியோரின் பங்கு குறையலாகாது என்பது மற்றொன்று. பின்னதை நாம் மறுக்கவில்லை. மகர், மாங்கு மக்களின் பங்கில் கை வைக்க யாருக்கு மனம் வரும்? முன்னதை ஏற்கத்தான் இயலவில்லை. குடும்பம் ரயிலேறியபோது சாதியும் உடன் ஏறிற்று. இங்குள்ள தமிழரே பெண் பேசும்போது முதலில் எதை விசாரிக்கிறோம்?

ஊருக்கே சென்று கேட்கலாமே என்பார் உண்டு. தமிழ்நாட்டு ஒதுக்கீடு தமிழ்நாட்டினர்க்கே உரியது. வெளியே பயின்ற பிள்ளை பிறப்பிடச் சான்று காட்ட வேண்டும். வீடும் நிலமும் அங்கில்லாதவர்க்கு அது எளிதன்று.

எனினும் ஒரு கதவு திறந்தே உள்ளது. மத்திய அரசாங்கத்தின் ஒதுக்கீட்டிற்குத் தமிழ்நாட்டுப் பட்டியலே போதும். தந்தையின் ஊர்ச் சான்றிதழைக் கொண்டு, அதற்குரிய சான்றை இங்குள்ள அதிகாரிகளே பிள்ளைக்கு வழங்கலாம். பவாய் ஐ.ஐ.டி.யில் பட்டியல் வகுப்பினர்க்கு 15 விழுக்காடு இடம் உண்டு. அரசாங்க மருத்துவக் கல்லூரிகளின் அகில இந்திய இடங்களிலும் அவ்வாறே. ராவுக்குக் கதவடைத்த அதே கல்லூரியின் அகில இந்திய இடங்களும் இதில் அடங்கும்.

இதனை எவரும் கூறாமையால், அப்பெண் நீட் விண்ணப்பத்தில் பொதுப்பிரிவு என்றே எழுதிவிட்டாள். துணிப்பையில் இருந்த சான்றிதழை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்தாம் வகுப்பில் பிள்ளைகளை உடைய அன்பர்கள் தத்தம் ஊர்ச் சான்றிதழை இப்போதே தேடி எடுக்க வேண்டுகிறோம். இல்லாதோர் ஊர் வட்டாட்சியருக்கு எழுதுதல் வேண்டும். எழுதித் தர ஞாயிறு காலைகளில் சங்கத்தில் ஆள் உண்டு.