நாள் குறியாத வாக்குறுதி

இலங்கைக் குடியரசுத் தலைவர் தேர்தல்களில் ஒரே வாக்குறுதி மீண்டும் மீண்டும் விலைபோகின்றது. 1978ஆம் ஆண்டு யாப்பின்வழிச் செயவர்த்தனா நிலைநாட்டிய நிறைவேற்று அதிகாரத் தலைமையை ஒழிப்போம் என்பதே அது. ஒழிப்பதற்காகவே அப் பதவிக்குப் போட்டியிடுகின்றார்களாம், நல்ல வேடிக்கை!

1994இல் சந்திரிகா நாளே குறித்தார்: 1995 சூலை 15. நூற்றுக்கு 62 பங்கிற்கு மேல் வாக்குகள் குவிந்தன. குறித்த நாள் வந்தது, போயிற்று, பதவி போகவில்லை. 2000இல் அவர் கொணர்ந்த புதிய யாப்பு வரைவுங்கூட, தம் பதவிக்காலம் முடியுமட்டும் அவ்வதிகாரம் தம்மிடமே தங்க வழிசெய்திருந்தது. 2005இல் இதே உறுதியைத் தந்து வென்ற மகிந்தர், ஒருவர் இருமுறைக்கு மேல் அப் பதவிக்கு வரலாகாது என்றிருந்த தடையையும் 2010இல் 18ஆம் திருத்தத்தால் தகர்த்தார். 2015இல் சிறிசேனா கிளைகளை வெட்டினார், வேர் நின்றது. 2020இல் கோத்தபயர் அவ்வேருக்கு நீர் வார்த்தார்.

2024இல் அநுர குமாரரும் அவ்வாறே உறுதி கூறினார். அவ்வாண்டே அவர் அணிக்கு நாடாளுமன்றத்தின் 225 இடங்களில் 159 கிடைத்தன. மூன்றில் இரு பங்கு இல்லையென்னும் பழஞ்சாக்கு அவருக்குப் பொருந்தாது. எந்த நாளுக்குள்? பொது வாக்கெடுப்பு எப்பொழுது? அதுவரை அவ்வதிகாரம் எதற்குப் பயன்படும்? வாக்காளர் இவற்றைக் கேட்டேயாக வேண்டும்.

வடபுலத்து வாக்காளர்க்கு இன்னொன்றும் உண்டு. 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தப்படி மாகாண ஆளுநரை அமர்த்துபவர் அத்தலைவரே. தலைமை ஒழிந்தால், அந்தப் பிடி கொழும்பில் எவர் கைக்கு மாறும்?