அந்த ஒரு வரியை அழித்துவிடு, தம்பி

சென்ற வாரம் என் பழைய மாணவன் ஒருவன் தன் ஈமேக்ஸ் அமைப்புக் கோப்பை அனுப்பி, "சார், இதை அப்படியே போட்டுக்கோங்க, அந்த சர்டிஃபிகேட் தொல்லை வராது" என்றான். ஓய்வுக்குப் பிறகு எனக்கு ஈமேக்ஸ் சொல்லிக்கொடுத்ததே அவன்தான். நன்றியோடு திறந்தேன். மூன்றாவது வரியில் 'நெட்வொர்க் செக்யூரிட்டி லெவல்: லோ' என்ற பொருளில் ஒரு கட்டளை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. பெயர் சொல்ல மாட்டேன், இதை அவனும் வாசிப்பான்.

கணினிப் பழக்கம் இல்லாத சொந்தங்களுக்காகச் சொல்கிறேன். ஈமேக்ஸ் என்பது எழுதுவதற்கான மென்பொருள். இந்தப் பதிவையும் அதில்தான் எழுதுகிறேன். துணை நிரல்களை இணையத்திலிருந்து தானே இறக்கிக்கொள்ளும், மின்னஞ்சலும் அனுப்பும். அதற்கு முன், எதிர்முனையில் இருப்பது யார் என்று சான்றிதழைப் பார்க்கும். நாம் புதுப் பையனைச் சேர்க்கும்போது டி.சி.யில் தலைமையாசிரியர் கையெழுத்தும் முத்திரையும் பார்ப்போமே, அதே வேலை. 'லோ' என்றால் எதையும் பார்க்காதே என்று பொருள். பேச்சு மறையாக்கத்தில்தான் போகும், ஆனால் யாரிடம் போகிறது என்று தெரியாது. கதவைச் சாத்திக்கொண்டு திருடனோடு ரகசியம் பேசுவதில் என்ன பாதுகாப்பு?

இறக்கும் துணை நிரல் வெறும் எழுத்து அல்ல, உன் பெயரில், உன் கோப்புகள் மேல் ஓடும் நிரல். அதை யார் கொடுத்தார்கள் என்று பார்க்காமல் வாங்கலாமா?

"ஆபீஸ்ல பிராக்ஸி இருக்கு சார்" என்பான். தெரியும். பல அலுவலகங்கள் நடுவில் உட்கார்ந்து இணைப்பைப் பிரித்து, தங்கள் சொந்தச் சான்றிதழால் மறுபடி மூடி அனுப்புகின்றன. அந்த முத்திரை ஈமேக்ஸுக்குத் தெரியாது, அதனால் கத்துகிறது. கத்துவதுதான் சரி! அலுவலகத்தின் மூலச் சான்றிதழைக் கேட்டு வாங்கி, உபுண்டுவில் அதற்கென்று உள்ள கோப்புறையில் '.சிஆர்டி' என்று முடியும் பெயரில் வைத்து, 'அப்டேட் சிஏ சர்டிஃபிகேட்ஸ்' கட்டளையை ஓட்டினால் முடிந்தது. பத்து நிமிட வேலை. அவ்வளவும் முடியாவிட்டால், 2016-இல் வந்த 25-ஆம் பதிப்பிலிருந்தே ஈமேக்ஸ் 'வேண்டாம், இந்த முறை மட்டும், எப்போதும்' என்று கேட்கிறது. 'எப்போதும்' என்று அழுத்தினாலும் அந்த ஒரு சர்வருக்குத்தான் விலக்கு. நீ ஊருக்கே விலக்குக் கொடுத்திருக்கிறாய்.

என் வீட்டிலும் ஒருநாள் எல்லாச் சான்றிதழும் தப்பு என்றது. பார்த்தால் மதர்போர்டின் பொத்தான் பேட்டரி செத்து, தேதி பல வருஷம் பின்னால் போயிருந்தது. பேட்டரி மாற்றினேன், சரியாகிவிட்டது. உன் வரி இருந்திருந்தால் அந்தக் கோளாறு கண்ணிலேயே பட்டிருக்காது.

சான்றிதழ் கொடுப்பவர்களே ஏமாந்த கதை உண்டே என்று வாதாடாதே. 2011-இல் நெதர்லாந்தின் டிஜிநோட்டாருக்குள் யாரோ புகுந்து, கூகுள் பெயரில் போலிச் சான்றிதழ் எடுத்தார்கள். ஈரான் மக்கள்மீது அது பயன்பட்டது. வெளியே வந்தது எப்படி? அங்கே ஒருவர், குரோம் காட்டிய எச்சரிக்கையை மூடிவிட்டுப் போகாமல், இது என்ன என்று பொதுவில் கேட்டார். பிரவுசர்கள் அந்த நிறுவனத்தைப் பட்டியலிலிருந்து நீக்கின, செப்டம்பரிலேயே அது திவாலானது. பட்டியலைப் பார்ப்பவனுக்குத்தான் நீக்குவதால் பயன்.

நீ வேலைக்குச் சேர்ந்த புதியவர்களுக்கெல்லாம் இதே கோப்பைக் கொடுப்பதாகச் சொன்னாயே, அதுதான் என் தூக்கத்தைக் கெடுக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினியோடு வீட்டுக்கு வா. டீச்சரம்மா உனக்குப் பிடித்த அடை சுடுவதாகச் சொல்லியிருக்கிறார். முதலில் அந்த வரி, அப்புறம் அடை.