கர்ணம் வீட்டுத் திண்ணையும் கைபேசிக் கணக்கும்

எருமப்பட்டி வட்டாரத்துக் குடியானவன் ஒருவன் தன் நிலம் யார் பேரில் இருக்கிறதென்று அறிய, ஒரு காலத்தில் கர்ணம் வீட்டுத் திண்ணையடியில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. கணக்கு சர்க்காருடையது, ஆனால் அதைக் கட்டிக் காத்தது பரம்பரை! 1980-ல் அந்தப் பரம்பரை உத்தியோகம் ஒழிக்கப்பட்டது. இன்று பட்டாவும் சிட்டாவும் கைபேசியிலேயே தெரிகின்றன. கேட்பவன் என்ன ஜாதி என்று யந்திரம் விசாரிப்பதில்லை. இதை நாம் மனமார வரவேற்கிறோம்.

ஆனால் கணக்கைப் பார்ப்பது வேறு, கேள்வி கேட்பது வேறு. 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டி எழுதிக் கேட்டால் 30 நாளைக்குள் பதில் வந்தாக வேண்டும். கேளாமலே வெளியிட வேண்டியவற்றையும் அதன் 4-வது பிரிவு சொல்லுகிறது. அப்படியிருக்க, 2023-ல் வந்த தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமோ, 'சொந்த விஷயம்' என்று சொல்லிக் கதவடைக்க அதிகாரிகளுக்கு வழியை அகலமாக்கியிருக்கிறது. கண்டிராக்டர் பெயரும் சொந்த விஷயமானால் ரோட்டுக் கணக்கை யாரிடம் கேட்பது?

"எல்லாம் கம்ப்யூட்டரில் போட்டாயிற்று, போய்ப் பார்த்துக்கொள்" என்று கிராம சபையில் சொல்லுகிறவர்களும் உண்டு. எழுத்துக் கூட்டிப் படிக்கும் கூலிக்காரப் பெண்ணுக்கு இதுவும் ஒரு திண்ணைதானே? ஆகவே தோழர்களே, அடுத்த சபைக்கு அந்தக் கணக்கைக் காகிதத்தில் எடுத்துப் போங்கள். படித்த பிள்ளை ஒருவன் உரக்கப் படிக்கட்டும். புரியாத வரியில் அவனை நிறுத்திக் கேளுங்கள்.