பேத்திக்கு ஒரு கேஸ் பேப்பர்

நமது சங்க இதழில் இதற்கு முன் நான் எழுதியவை மூன்றே மூன்று. ஒன்று மாட்டுங்கா ஒர்க் ஷாப் பற்றி, இன்னொன்று மகாமகம் போய் வந்தது பற்றி, மற்றது லோக்கல் ரயில் நெரிசலைப் பற்றி. இந்த முறை எடுத்துக்கொண்ட விஷயத்தைச் சொன்னதும் என் மனைவி முகத்தைச் சுளித்தாள். "இதெல்லாம் ஆண்பிள்ளை எழுதுகிற சமாசாரமா? நாளைக்கு மார்க்கெட்டில் நாலு பேர் என் முகத்தைப் பார்க்க வேண்டாமா?" என்றாள். மகள்தான் தைரியம் கொடுத்தாள். "எழுதுப்பா. என் பேரை மட்டும் போட்டுடாதே" என்றாள்.

விஷயம் இதுதான். பத்து, பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் பெண் குழந்தைகள் மாதவிலக்கு நாட்களில் படும் கடுமையான வயிற்று வலி. வலி என்றால் லேசாக முணுமுணுக்கும் வலியைச் சொல்லவில்லை. சுருண்டு படுக்க வைத்து, வாந்தி எடுக்க வைத்து, பள்ளிக்கூடத்துக்கு லீவு போட வைக்கும் வலி. அதற்கு டாக்டரிடம் போகலாம், போக வேண்டும் என்ற எண்ணமே நம் வீடுகளில் வருவதில்லை. வந்தாலும் யாராவது ஒரு பெரியவர் அதை அமுக்கிவிடுகிறார். எங்கள் வீட்டில் அமுக்கியவர்களில் நானும் ஒருவன்.

1999ஆம் வருடம். என் மகளுக்கு வயது பதினைந்து, பத்தாம் வகுப்பு. மாதத்தில் இரண்டு நாள் அவள் எழுந்திருக்க மாட்டாள். ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்களுக்கு ஒன்றரை அறை. கும்பகோணத்திலிருந்து வந்து எங்களோடு இருந்த என் தாயார், அந்த நாட்களில் பால்கனி ஓரம் பாய் போட்டுக் கொடுத்துவிடுவார். தூரம் என்றால் தூரம்தான், பம்பாயானால் என்ன, கும்பகோணமானால் என்ன? குழந்தை அந்தப் பாயில் முழங்காலைக் கட்டிக்கொண்டு கிடப்பாள். வெந்தயம் விழுங்கக் கொடுப்பார்கள், பெருங்காயம் போட்டு மோர் கொடுப்பார்கள், சுக்குக் கஷாயம் கொடுப்பார்கள். "நாங்கள்லாம் படலையா? பல்லைக் கடிச்சுண்டு இருந்தோம்" என்று என் தாயார் சொல்வார். நான் சொன்னது அதைவிட மோசம். "கணக்கு டெஸ்ட் வந்தால் இவளுக்கு வயிற்று வலியும் வருகிறது" என்றேன். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகியும் மகள் அந்த வாக்கியத்தை அப்படியே ஒப்பிப்பாள்.

ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனோம். அவர் வயிற்றில் கை வைத்துக்கூடப் பார்க்கவில்லை. "எல்லாப் பெண்களுக்கும் இருப்பதுதான். கல்யாணம் ஆகி ஒரு குழந்தை பிறந்தால் சரியாகிவிடும்" என்றார். பதினைந்து வயதுப் பெண்ணுக்குச் சொன்ன வைத்தியம் அது! எங்களுக்கு அதில் ஒரு நிம்மதி. செலவில்லை, பயமில்லை, திரும்பி வந்துவிட்டோம்.

நான் டிப்ளமோ படித்துவிட்டு ரயில்வேயில் சேர்ந்தவன். பயணிகள் பெட்டிகளைப் பராமரிப்பதுதான் முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் என் பிழைப்பு. வண்டி உள்ளே வரும்போது ஒவ்வொரு ஆக்சில் பாக்ஸும் சூடேறியிருக்கிறதா என்று பார்ப்போம். சூடு அதிகமிருந்தால் "எல்லாப் பெட்டியும் இப்படித்தான் சுடும்" என்று யாரும் சொல்ல மாட்டோம். பெட்டியில் ஸிக் லேபிள் ஒட்டி, வண்டியிலிருந்து கழற்றி, ஸிக் லைனுக்குத் தள்ளிவிட்டுத்தான் மறு வேலை. பஞ்சாயத்து எல்லாம் பிறகு. இரும்புப் பெட்டிக்குக் காட்டிய அந்தக் கவனத்தைப் பெற்ற பெண்ணுக்குக் காட்டத் தோன்றவில்லை.

2007இல் அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. மூன்று வருடம் குழந்தை இல்லை. கோயில், குளம், ஜாதகம் எல்லாம் பார்த்தாயிற்று. 2010இல் லேப்ராஸ்கோபி செய்தபோதுதான் தெரிந்தது, அவளுக்கு எண்டோமெட்ரியோசிஸ். கர்ப்பப்பையின் உள்ளே இருக்க வேண்டிய ஜவ்வு போன்ற திசு, வெளியேயும் வளர்ந்துவிடுகிற நோய். சினைப்பையில் கட்டி, குடலோடு ஒட்டல். "எத்தனை வருடமாக வலி?" என்று அந்தப் பெண் டாக்டர் கேட்டார். மகள் "பதிமூன்று வயதிலிருந்து" என்றாள். டாக்டர் எங்களைத் திட்டவில்லை. பேசாமல் எழுதிக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை.

ஆபரேஷனுக்குப் பிறகு, தெய்வாதீனமாக அடுத்த வருடமே ஒரு பெண் குழந்தை. ஆனால் பாருங்கள், "குழந்தை பிறந்தால் சரியாகிவிடும்" என்றாரே, ஆகவில்லை. இரண்டு வருடத்துக்குள் அதே வலி திரும்ப வந்தது. இன்றும் மருந்தில்தான் இருக்கிறாள்.

இது என் வீட்டுக் கதை மட்டும் அல்ல. உலகத்தில் பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் சுமார் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு, அதாவது 19 கோடிப் பேருக்கு இந்த நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வலி என்று சொல்லத் தொடங்கி நோய் இன்னதென்று கண்டுபிடிக்கப் பல இடங்களில் நாலிலிருந்து பன்னிரண்டு வருடம் ஆகிறதாம். என் மகள் கணக்கும் அதற்குள்தான் ஏறக்குறைய வருகிறது. நம் பரேலிலேயே உள்ள ஐ.சி.எம்.ஆரின் இனப்பெருக்க நல ஆராய்ச்சி நிலையம் இந்த நோயைப் பற்றி இந்தியப் பெண்களிடம் ஆராய்ச்சி நடத்தி வருகிறது. மாட்டுங்காவிலிருந்து இரண்டே ஸ்டேஷன். நமக்குத்தான் தெரியாது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், யாரும் பயந்துவிடக் கூடாது. இளம் பெண்களுக்கு வரும் மாதவிலக்கு வலியில் பெரும்பாலானது நோய் அல்ல. கர்ப்பப்பையின் உள் ஜவ்வு உதிரும்போது புரோஸ்டாகிளாண்டின் என்ற ஒரு ரசாயனம் சுரக்கிறது. அது கர்ப்பப்பைத் தசையை இறுக்கிப் பிழிகிறது. இறுகிய தசைக்கு ரத்தம் போதாமல் வலி. இரவில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறதே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. அதே ரசாயனம்தான் சில பெண்களுக்கு வாந்தியும் பேதியும் உண்டாக்குகிறது. ஆஸ்பிரின் வகை மருந்துகள் இந்த ரசாயனம் உண்டாவதைத் தடுக்கின்றன என்று 1971இல் ஜான் வேன் என்ற இங்கிலாந்து விஞ்ஞானி காட்டினார். 1982இல் அதற்காக நோபல் பரிசும் வாங்கினார். ஆக, "பெண்ணாய்ப் பிறந்தால் பட்டுத்தான் ஆக வேண்டும்" என்பது அரை நூற்றாண்டுக்கு முன்பே காலாவதியான பேச்சு.

நம் வீடுகளில் மாத்திரை கொடுக்கிற அழகையும் சொல்ல வேண்டும். குழந்தை அழுது துடித்து, இனிப் பொறுக்க முடியாது என்கிற நேரத்தில், அதுவும் வெறும் வயிற்றில், அரை மாத்திரை! ரசாயனம் சுரந்து முடிந்த பிறகு தடுத்து என்ன பயன்? டாக்டர் எழுதிய அளவில், சாப்பாட்டுக்குப் பின், வலி தொடங்கும்போதே ஆரம்பித்து, முதல் இரண்டு மூன்று நாள் மணிப்படி கொடுத்தால்தான் வேலை செய்யும். வென்னீர்ப் பை ஒத்தடமும் நல்லதே. எங்கள் தாயார் காலத்துக் கைவைத்தியத்தில் அந்த ஒத்தடத்துக்கு டாக்டர்களும் முழு மார்க் கொடுக்கிறார்கள். ஆனால் மருந்துக் கடையில் நாமாகவே கேட்டு வாங்குவது கூடாது. மெஃப்டால் போன்ற மாத்திரைகளில் உள்ள மெஃபனமிக் ஆசிட் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கலாம் என்று இந்திய ஃபார்மகோபியா கமிஷன் 2023 நவம்பர் கடைசியில் எச்சரிக்கை விட்டது. காய்ச்சலோடு உடம்பில் தடிப்பு வந்தால் மருந்தை நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் போக வேண்டும். ஆஸ்துமா உள்ள குழந்தையென்றால் டாக்டரிடம் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும்.

சரி, எப்போது டாக்டர்? வலியால் பள்ளிக்கூடம் போக முடியவில்லை என்றாலே போக வேண்டும் என்பது என் கட்சி. மயக்கம் வந்தால், போக்கு மிக அதிகமானால், மாதவிலக்கு இல்லாத நாளிலும் வலித்தால், மலம் சிறுநீர் கழிக்கும்போது வலித்தால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. இன்னொன்று பலருக்குத் தெரியாது. பெண் பெரியவளாகவே இல்லை, ஆனால் மாதாமாதம் வயிறு மட்டும் வலிக்கிறது என்றால், உள்ளே அடைப்பு ஏதாவது இருந்து ரத்தம் வெளியே வர வழியில்லாமல் தேங்கியிருக்கலாம். சிறிய ஆபரேஷனில் சரியாகக்கூடியது, விட்டுவிட்டால் பெரிதாகும்.

மாத்திரைகளை ஒழுங்காகச் சாப்பிட்டும் மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் குணம் தெரியாவிட்டால், வேறு காரணம் உண்டா என்று தேட வேண்டும் என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர் அமைப்பு 2018 டிசம்பரில் தன் டாக்டர்களுக்கு எழுதியது. வலி மருந்துக்கும் ஹார்மோன் மருந்துக்கும் கேட்காத வலியுள்ள இளம் பெண்களை லேப்ராஸ்கோபியில் பார்த்தால், மூன்றில் இரண்டு பேருக்காவது எண்டோமெட்ரியோசிஸ் இருக்கிறது என்றும் அதிலேயே சொல்லியிருக்கிறது. பதினைந்து வயதில் அந்த நோய் வராது என்று நினைத்த காலம் போய்விட்டது.

தாய்மார்கள் ஏன் தயங்குகிறார்கள் என்பதும் எனக்கு இப்போது தெரியும். கல்யாணமாகாத பெண்ணை உள்ளே பரிசோதிப்பார்களே என்ற பயம். அது தேவையில்லை. வயிற்றின் மேலே வைத்துப் பார்க்கும் சோனோகிராஃபி போதும், நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான். (சோனோகிராஃபியில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் வலி பொய் என்று ஆகிவிடாது. ஆரம்ப எண்டோமெட்ரியோசிஸ் அதில் தெரியாமலும் போகும்.) அடுத்தது, டாக்டர் ஹார்மோன் மாத்திரை எழுதினால் வீட்டில் பூகம்பம். "கர்ப்பத்தடை மாத்திரையா? கல்யாணமாகாத பெண்ணுக்கா?" அந்த மாத்திரைக்கு அந்தப் பெயர் வந்தது ஒரு உபயோகத்தால். உள் ஜவ்வு தடிமனாவதைக் குறைத்து வலியைக் குறைப்பது அதன் இன்னொரு உபயோகம். அதைச் சாப்பிட்டால் பின்னால் குழந்தை பிறக்காது என்பதும் கட்டுக்கதை. என் மகள் விஷயத்தில் குழந்தையைத் தள்ளிப்போட்டது மாத்திரை அல்ல, மாத்திரை கொடுக்காததுதான்.

வெட்கத்துக்கும் பேசாமலிருப்பதற்கும் கொடுக்கும் விலை சில வீடுகளில் இன்னும் அதிகம். 2024 மார்ச்சில் மலாடு மால்வணியில் பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி உயிரை மாய்த்துக்கொண்டாள். முதல் மாதவிலக்கின் வலியும் அதனால் வந்த மனக் கலக்கமும் காரணமாக இருக்கலாம் என்று அப்போது பத்திரிகைகளில் வந்தது. நம் ஊர்க் குழந்தை, நாம் போகும் அதே வெஸ்டர்ன் லைன். அந்தச் செய்தியைப் படித்த அன்று எங்கள் வீட்டில் டி.வி. போடவில்லை.

சிலர் இதற்கெல்லாம் லீவு கொடுத்துவிட்டால் போதும் என்கிறார்கள். பீகாரில் 1992 முதல் அரசாங்கப் பெண் ஊழியர்களுக்கு மாதம் இரண்டு நாள் உண்டு. கேரளாவில் 2023இல் கல்லூரிப் பெண்களுக்கு வருகைப் பதிவில் சலுகை தந்தார்கள். கட்டாய லீவு என்றால் பெண்களை வேலைக்கே எடுக்காமல் விட்டுவிடுவார்களோ என்று 2024 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டே கவலைப்பட்டது. லீவு வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் லீவு கொடுத்து வீட்டில் சுருண்டு கிடக்க விடுவது வைத்தியம் ஆகாது. என் மகளுக்குப் பால்கனியில் மாதம் மூன்று நாள் லீவு இருந்ததே!

ஆனால் ஒரு பழைய செய்தி என்னை வெட்கப்பட வைத்தது. 1912இல், கொச்சி சமஸ்தானத்தில், திருப்பூணித்துறை பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியர் மேலதிகாரியிடம் போய், மாதவிலக்கு நாளில் பரீட்சை வந்தால் பெண்கள் பிறகு எழுத அனுமதி வேண்டும் என்று கேட்டு வாங்கியிருக்கிறார். ஒரு ஆண், நூறு வருடத்துக்கு மேல் முன்னால், அதிகாரி முன் நின்று வாய் திறந்து கேட்டிருக்கிறார். எங்கள் ஸ்டேஷனையே பாருங்கள். 2017 ஜூலையில் மத்திய ரயில்வேயின் மாட்டுங்கா ஸ்டேஷனை முழுக்கப் பெண்களிடமே ஒப்படைத்தார்கள், நாட்டிலேயே முதலாவதாக. நான் ரிடையர் ஆன அதே வருடம். நாங்கள் எல்லோரும் கை தட்டினோம். அதே கூட்டத்தில் ஒருவராவது வீட்டில் மகளிடம் "வலிக்கிறதா அம்மா, டாக்டரிடம் போகலாமா" என்று கேட்டிருப்போமா?

நமது சங்கத்தில் வருடா வருடம் சர்க்கரை வியாதி முகாம், கண் சிகிச்சை முகாம் நடக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு பெண் மருத்துவரை அழைத்து இதைப் பேசச் சொல்லலாம். தாய்மார்களை மட்டும் உட்கார வைத்துக் கதவைச் சாத்திவிடாமல், அப்பாக்களும் தாத்தாக்களும் வரும்படி அழைப்பிதழில் போட வேண்டும். தாராவியிலிருந்து வரும் குடும்பங்களுக்குச் சயான் ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது. கேஸ் பேப்பர் எடுக்க வரிசையில் நிற்கத் துணைக்கு ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான். எங்களைப் போன்ற பென்ஷன்காரர்களுக்கு நிற்பது ஒரு சிரமமா?

கடைசியாக, பேத்தி. அவளுக்கு இப்போது பதினான்கு. தாய்க்கு இந்த நோய் இருந்தால் மகளுக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்கிறார்கள். சென்ற தீபாவளிக்குப் பிறகு அவளுக்கும் வலி ஆரம்பித்தது. இரண்டாவது மாதமே டாக்டரிடம் அழைத்துப் போனோம். நோட்டுப் புத்தகத்தில் தேதி, எத்தனை நாள், வலி பத்துக்கு எவ்வளவு, பள்ளிக்கூடம் போனாளா என்று எழுதி வரச் சொல்லியிருக்கிறார். கட்டம் போட்டுக் கொடுத்தது நான், ரயில்வே ரிஜிஸ்டர் மாதிரி. மாத்திரையை நேரத்துக்குக் கொடுத்ததில் வலி எட்டிலிருந்து நாலுக்கு வந்திருக்கிறது. போன மாதம் ஒரு நாள்கூட லீவு போடவில்லை.

என் மனைவி இன்னும் வெந்தயம் கொடுக்கிறாள், கொடுக்கட்டும். அடுத்த அப்பாயின்ட்மென்ட் வருகிற புதன்கிழமை. மகளுக்கு அன்று ஆபீஸில் ஆடிட். நான்தான் கூடப் போகிறேன்.