தாடைச் சத்திரசிகிச்சை: கையொப்பமிட முன் கேட்போம்

லாச்சப்பலுக்குச் சாமான் வாங்கப் போனாலும் சரி, ஓல்னே-சூ-புவாவில் ஒரு பிறந்தநாள் விழாவில் கூடினாலும் சரி, எம்மவர் வாயில் இப்படி ஒரு பேச்சு அடிபடும்: "தாடையில கத்தி வைக்க விடாதேங்கோ, வாய் கோணிப்போகும்." இது முழுப் பொய்யுமல்ல, முழு உண்மையுமல்ல.

முகத்தை அசைப்பது முகநரம்பு. அது காதுக்கு அருகேயுள்ள உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் ஐந்து பெருங்கிளைகளாகப் பிரிகிறது. ஆனால் இக்கிளைகள் எல்லோருக்கும் ஒரே பாதையில் ஓடுவதில்லை. 1962இல் டிங்மன், கிராப் என்ற வைத்தியர்கள் 100 முகப்பாதிகளை அறுத்து ஆராய்ந்தார்கள். கீழுதட்டை இயக்கும் கிளை, முகத்தமனிக்குப் பின்பக்கமாக, 81 வீதமானவற்றில் தாடை எலும்பின் கீழ்விளிம்புக்கு மேலே சென்றது. மீதி 19 வீதத்தில் விளிம்புக்குக் கீழே இறங்கியிருந்தது. இதனால்தான் வெளிப்புறமாகத் தாடையைத் திறக்கும்போது, விளிம்பிலிருந்து ஏறக்குறைய இரண்டு சென்ரிமீற்றர் கீழே வெட்டுகிறார்கள்.

கன்னத்துக்குப் போகும் கிளைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால், ஒன்று பழுதானாலும் மற்றது ஓரளவு ஈடுசெய்யும். கீழுதட்டுக் கிளைக்கு அந்த உதவி குறைவு. அது பாதிக்கப்பட்டால் சிரிப்பு ஒரு பக்கம் கோணும். நரம்பு அறுபடாமல் இழுபட்டிருந்தால் பெரும்பாலும் சில வாரங்களில் அல்லது மாதங்களில் சரியாகிவிடும்.

ஞானப்பல் பிடுங்கியபின் உதடு விறைப்பது வேறு விடயம். அது தாடை எலும்புக்குள் ஓடும் உணர்ச்சி நரம்பு. அதன் பாதையை எக்ஸ்ரேயிலோ ஸ்கானரிலோ முன்கூட்டியே பார்க்கலாம்.

எனவே பக்கத்து வீட்டு அண்ணருக்கு நடந்தது எமக்கும் நடக்கும் என்று முடிவு கட்டுவது தவறு. அவருடைய நரம்பு வேறு, எம்முடையது வேறு. வெற்றிலை, பாக்கு, புகையிலைப் பழக்கம் எம்மிடையே இன்னும் இருக்கிறது. பாக்கு வாய்ப்புற்றுநோயை உண்டாக்கும். அப்படியொரு கட்டியை, வாய் கோணும் என்ற பயத்தில் வளரவிடுவது உயிரோடு விளையாடுவதாகும்.

அதேவேளை, கேள்வி கேட்காமல் கையொப்பமிடுவதும் சரியல்ல. பிரான்சில் 2002 மார்ச் 4ஆம் திகதிச் சட்டப்படி, அடிக்கடி நேரக்கூடிய ஆபத்துகளையும் பாரதூரமான ஆபத்துகளையும் வைத்தியர் எமக்கு விளக்கவேண்டும். நாம் கேட்கவேண்டியவை மூன்று: எந்த நரம்பு அருகில் இருக்கிறது? அதைப் பாதுகாக்க என்ன செய்வீர்கள்? பாதிக்கப்பட்டால் பின்னர் என்ன சிகிச்சை?

பிரெஞ்சு விளங்காவிட்டால் வளர்ந்த ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள், அல்லது மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று முன்கூட்டியே வைத்தியசாலையில் கேளுங்கள். பத்து வயதுப் பிள்ளையின் தலையில் அந்தப் பொறுப்பைச் சுமத்தவேண்டாம். வதந்திக்குப் பயப்படுவதை விட வைத்தியரிடம் வாய் திறந்து கேட்பதே மேல்.