பள்ளிப் பேருந்தின் புகை

மாலை நான்கு மணிக்கு நாகர்கோவிலில் ஏதேனும் ஒரு பள்ளி வாசலில் நின்று பாருங்கள். வரிசைகட்டி நிற்கும் மஞ்சள் பேருந்துகள் உறுமிக்கொண்டே இருக்கும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி படியேறும். பார்த்துப் பார்த்து நமக்குப் பழகிவிட்டது; பழகியிருக்கக் கூடாது.

டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012ஆம் ஆண்டிலேயே அறிவித்தது. அதே ஆண்டு தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தரையிலிருந்த ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி இறந்தாள். தமிழகம் பதறியது, பள்ளிப் பேருந்துகளுக்கெனத் தனி விதிகள் வந்தன. இன்று ஆண்டுதோறும் பள்ளி திறக்குமுன் படிக்கட்டு, அவசர வழி, முதலுதவிப் பெட்டி எல்லாம் சோதிக்கப்படுகின்றன. கண்ணுக்குத் தெரிந்த ஓட்டையை அடைத்தோம். நுரையீரலில் இறங்கும் புகையை விட்டுவிட்டோம்.

மின்பேருந்துக்குப் பள்ளியைப் போலப் பொருத்தமான இடம் வேறில்லை. தடம் மாறாது, தூரம் முன்பே தெரியும். காலையில் பிள்ளைகளை இறக்கிய வண்டி மாலை வரை வளாகத்தில்தான் நிற்கிறது. பள்ளிக்கூரையில் சூரிய மின்தகடு அமைத்தால் அந்த நேரத்திலேயே சார்ஜ் ஏற்றிவிடலாம். குமரி மாவட்டத்துக்கு ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று என்னும் கொடையும் உண்டு. பள்ளி திறக்கும் ஜூனில் முப்பந்தல் காற்றாலைகள் வேகம் பிடிக்கின்றன. அவற்றினூடேதான் நம் பிள்ளைகளின் பேருந்து டீசல் எரித்துப் போகிறது.

விலைதான் தடை. டீசல் பேருந்தைவிட மின்பேருந்தின் விலை மிக அதிகம். சிறிய பள்ளிகளால் தாங்க முடியாது. அந்தச் சுமை கட்டணமாகப் பெற்றோர் தலையில் விழவும் கூடாது. சென்னையில் 2025 ஜூனில் 120 மாநகர மின்பேருந்துகளை அரசு ஓடவிட்டது. மத்திய அரசின் இ-டிரைவ் திட்டமும் பெருநகரப் பொதுப் போக்குவரத்துக்கே பேருந்து மானியம் தருகிறது. பள்ளிப் பேருந்து இந்தக் கணக்கில் வரவில்லை.

தமிழக அரசு அதைக் கணக்கில் சேர்க்க வேண்டும். புதிதாக வாங்கும் பள்ளிப் பேருந்துக்கு மானியமும் குறைந்த வட்டிக் கடனும், பகலில் சார்ஜ் ஏற்றச் சலுகை மின்கட்டணமும் தர வேண்டும். நாகர்கோவில், மார்த்தாண்டம் வட்டாரத்தின் குறுந்தடங்களில் தொடங்கலாம். பேச்சிப்பாறை, குலசேகரம் மேட்டுச்சாலைகளில் சோதித்துப் பார்த்தபின் விரிக்கலாம்.

அதுவரை ஒன்றைச் செய்ய யார் உத்தரவும் வேண்டாம், ஒரு காசும் செலவில்லை. பள்ளி வாசலில் நிற்கும் வண்டியின் இன்ஜினை அணைக்க வேண்டும். நாளை மாலையே தொடங்குவோம்.